மருந்துத் தண்ணி

"நாலெழுத்துப் படிச்சிட்டேல்லா. இனிமே நம்ம பேச்சு ஒனக்கு வெளங்காமப் போயிரும் பாரு."

சுடலை அண்ணாச்சி சொன்னது. நான் பதினோராம் வகுப்பு தேறிய அன்று. எங்கள் தெருவில் தப்புப் பறை அடிப்பவர் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பொறாமை என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து. ஆவணி கடைசி. செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி. செங்கோட்டை வண்டி ஊதுகிறது. நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். கையில் கயிற்றுக் கட்டிலின் தலைமாடு. கால்மாட்டைச் சுடலை அண்ணாச்சி பிடித்திருக்கிறார். கட்டிலில் என் ஆத்தா.

"வழி விடுங்கலே! வாந்திபேதி! தள்ளுங்க! தள்ளுங்க!"

தெரு முழுக்க ஓடுகிறது. தலையில் பானை. இடுப்பில் பிள்ளை. சிலர் இலஞ்சிப் பக்கம். சிலர் குற்றாலச் சாலையில். எங்கே போனால் நோய் வராது என்று யாருக்கும் தெரியாது. ஓடினார்கள். ஒரு கோழி கட்டிலுக்கு அடியில் அகப்பட்டுக் கத்தியது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. ஆத்தா சத்தமே போடவில்லை. கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனி தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது.

அந்த வருஷம் வடக்கே எல்லையில் சண்டை. வாசகசாலை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். எங்கே குண்டு விழுந்தது, எத்தனை விமானம் என்று பேசிக்கொண்டார்கள். கட்டில் அந்தக் கூட்டத்தின் நடுவே போனது. ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. எங்கள் சண்டையை எந்த ரேடியோவும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் பேச்சியம்மாள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது.

கட்டிலை இறக்கிய இடம் பீவியம்மாவின் கிட்டங்கி. ஒரு காலத்தில் அவர் புருஷன் துணி மூட்டை அடுக்கிய இடம். புருஷன் கொழும்பில் வாந்திபேதியில் இறந்தார். மூட்டைகளை விற்றுவிட்டுப் பீவியம்மா அங்கே வைத்தியசாலை தொடங்கினார். ஒரு சங்கம், அதற்கு அவரே தலைவி. வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர். ஒரு கம்பவுண்டர். அப்புறம் உதவிக்கு நான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் வருவார்கள். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

எங்கள் கிணறும் பீவியம்மா தோண்டியதுதான். அதற்கு முன் எங்களுக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. சிற்றாற்றில்தான் அள்ளினோம். குற்றாலத்தில் விழுந்து வருகிற தண்ணீர். மூலிகை வேரில் உரசி வருகிற தண்ணீர். குளித்தால் பித்தம் போகும், குடித்தால் வயிறு சுத்தமாகும் என்பார்கள். அருவியில் சீசன் தொடங்கி ஆறு புரண்டு வந்தால் ஆத்தா ஒரு குடம் தனியாக மொண்டு மூடி வைப்பாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அதிலிருந்துதான் ஒரு செம்பு.

அதற்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கு ஒரு வாரம் முன்னால் ஆற்றின் மேலத் துறையில் யாரோ நோயாளியின் துணியைத் துவைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பேர் விழுந்தார்கள். பீவியம்மா அன்றே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார். மூக்கை அறுக்கும் நெடி. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"இதக் குடிக்கவா?"

"இதத்தான் குடிக்கணும். நாத்தம் அடிச்சாத்தான் நோய் சாகும்" என்றார் பீவியம்மா.

பிறகு என்னைக் கூப்பிட்டார். தெருவுக்குச் சொல்ல ஒரு வரி வேண்டும். சுடலை தப்பு அடித்துச் சொல்லுவான் என்றார். வரியையும் அவரே சொல்லிக் காட்டினார்.

"கெணத்துத் தண்ணியக் குடிங்க. ஆத்துத் தண்ணியத் தொடாதிய. இப்படி எழுதிக் குடு பேச்சி."

நான் எழுதவில்லை. எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. பச்சையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். சொல்லில் ஓர் அழகு இருக்க வேண்டும். காரணமும் உள்ளேயே இருக்க வேண்டும். எழுதினேன்.

"மருந்துத் தண்ணியை மட்டும் குடியுங்கள்."

மருந்து போட்ட தண்ணீர். எவ்வளவு சுருக்கம். எவ்வளவு தெளிவு. பீவியம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வெளங்குமாட்டி?"

"எங்க சனம்மா. எனக்குத் தெரியாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார். அது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தப்பு மூன்று முறை அதிர்ந்தது. சுடலை அண்ணாச்சியின் குரல் தெருக்கோடி வரை போனது. நான் வைத்தியசாலை வாசலில் நின்று கேட்டேன். என் வரி. ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சனி, ஞாயிறு, திங்கள். நோயாளிகள் வருகிறார்கள். குறைய வேண்டும். கூடுகிறார்கள். உப்புநீர்ப் புட்டிகள் தீர்கின்றன. ரப்பர் குழாயை வெந்நீரில் போட்டுப் போட்டு எடுக்கிறோம். பீவியம்மா தரையில் உட்கார்ந்து உப்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறார். வெற்றிலை போடும் வாய். அந்த மூன்று நாளும் வெற்றிலை போடவில்லை.

"கெணத்துல மருந்து போட்டும் ஏன்ட்டி விழுதாவ?"

எனக்குத் தெரியவில்லை. வெள்ளியிலிருந்து வைத்தியசாலையிலேயே கிடந்தவள், மறுநாள் செவ்வாய் காலை தெருவுக்குப் போனேன். கிணற்றடி காய்ந்து கிடக்கிறது. கயிறு சுருட்டியபடியே இருக்கிறது. முதல் வீட்டில் எட்டிப் பார்த்தேன். மூடி போட்ட குடம். அடுத்த வீடு. மூடி போட்ட குடம். முத்தக்காள் அந்தக் குடத்திலிருந்துதான் பிள்ளைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்தத் தண்ணி?"

"மருந்துத் தண்ணி. நீதான சொல்லியனுப்புன?"

"கெணத்துத் தண்ணியா?"

"அது நாத்தத் தண்ணில்லா. இது ஆத்துல மொண்டது. குத்தாலத்துத் தண்ணி. மருந்துத் தண்ணி."

எங்கள் தெருவில் அந்தக் குடத்தின் பெயர் அதுதான். நான் பிறந்ததிலிருந்து அதுதான். ஆத்தா காய்ச்சலில் எனக்குக் கொடுத்த செம்பின் பெயரும் அதுதான். பதினோரு வருஷப் படிப்பில் அதை மறந்திருந்தேன்.

"கொட்டு! கொட்டுங்க! குடிக்காதிய! ஆத்துத் தண்ணியக் கொட்டுங்க!"

வீடு வீடாக ஓடினேன். குடங்களைக் காலால் தள்ளினேன். சிலர் என்னை வைதார்கள். "படிச்ச திமிரு, சாமி தண்ணிய ஒதைக்கா" என்றாள் ஒருத்தி. கடைசியாக எங்கள் வீடு. ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடம். பாதிதான் இருந்தது.

"ஒன் பேச்சத் தட்டலட்டி. அதத்தான் குடிச்சேன்" என்றாள்.

மதியம் மூன்று மணிக்குக் கட்டிலில் தூக்கினோம். புதன்கிழமை விடிந்ததும் போய்விட்டாள். கடைசிவரை பீவியம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

தப்பு மறுபடி அதிர்ந்தது. இந்த முறை பீவியம்மாவின் வரி. கெணத்துத் தண்ணியக் குடிங்க. ஆத்துத் தண்ணியத் தொடாதிய. குடித்தார்கள். பத்து நாளில் நோய் நின்றது. அந்த வரி முதலிலேயே போயிருந்தால் என்று நான் கணக்குப் போடாத நாள் இல்லை.

புரட்டாசியில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தெருவில் தவறான அறிவிப்பு போனதாகக் கேள்விப்பட்டிருந்தார். யார் சொன்னது என்று கேட்டார். சுடலை அண்ணாச்சி எழுந்து நின்றார். கை கட்டியிருந்தார்.

"நாந்தான்யா சத்தம் போட்டது. என்னமோ மாத்திச் சொல்லிட்டேன் போல."

பீவியம்மா உடனே எழுந்தார். "சொல்லிக் குடுத்தது நான். அவன் மேல தப்பில்ல. தலைவி நாந்தான, எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் பீவியம்மா என் தோளைப் பிடித்தார்.

"நீ வேலைய விட்டுட்டுப் போயிராத. ஒன்ன மாதிரி இன்னொருத்தி அந்தத் தெருவுல இருந்து வர இன்னும் எத்தன வருசம் ஆகுமோ."

அவர் அதன்பின் தலைவியாக இருக்கவில்லை. விலகச் சொன்னார்கள். விலகினார். தினமும் வந்தார். தரை துடைத்தார். புட்டி கழுவினார். போன தை மாதம் மூச்சுத் திணறி இறந்தார். சுடலை அண்ணாச்சி விசாரணை நடந்த நாளிலிருந்து தப்பைத் தொடவில்லை. பரணில் போட்டுவிட்டார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை. "என் வாயி சரியில்ல" என்பார்.

இப்போது சங்கம் என்னைத் தலைமைக்குக் கேட்கிறது. முதன்முதலாக எங்கள் தெருக்காரி. அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பீவியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சிக்கு வரியைச் சொல்லிக் கொடுத்தபோது அவர் கேட்டார்.

"மருந்துத் தண்ணின்னா, நம்ம தண்ணிதான?"

நம்ம தண்ணி. நான் கிணறு என்று நினைத்தேன். எங்களுக்கென்று இருக்கும் ஒரே கிணறு. அவர் ஆற்றை நினைத்தார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆமா. நம்ம தண்ணிதான்" என்றேன்.

இறந்தவர்கள் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விழுந்த இருவர். அவர்கள் என் கணக்கில் இல்லை. அப்புறம் ஏழு பேர். முத்தக்காளின் கைப்பிள்ளை, இன்னும் பெயர் வைக்கவில்லை. அவள் மாமியார். நாற்று நடப் போகும் இசக்கியம்மாள், அவள் அண்ணன் மாடசாமி. கண் தெரியாத வேலுத் தாத்தா. சுடலை அண்ணாச்சியின் மகள் செல்லி, ஏழு வயது, அவர் தன் கையாலேயே வார்த்துக் கொடுத்தார். என் ஆத்தா, பெயர் உலகம்மாள். இவர்களோடு ஒரு தலைவியின் நாற்காலி. ஒரு தப்பின் சத்தம்.

நேற்றுக் காலை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கலெக்டரம்மா காலங்காத்தால" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் ஓலை அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் கேட்டேனாட்டி?"

"கேட்டிய அண்ணாச்சி. நாந்தான் ஆமான்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "கேட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடியும் சொன்னார்.

அங்கிருந்து நேரே தென்காசித் தபாலாபீசுக்கு நடந்தேன். அந்த அதிகாரிக்கு எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். முதல் வரி இது: சுடலை மாற்றிச் சொல்லவில்லை, நான் எழுதியதைத்தான் சொன்னார்.