மூன்று பிரதிகளில் ஒரு கயிறு

உங்கள் ஸ்டேஷனில் மைக்கூட்டை ஜன்னலோரம் வைத்திருக்கிறீர்கள். மே மாத வெயிலுக்கு மை சீக்கிரம் காய்ந்துவிடும். மேஜைக்கு இந்தப் பக்கம் வைத்தால் ரைட்டர் ஒவ்வொரு வரிக்கும் எட்டி எட்டித் தொட வேண்டாம். ஒரு வாக்குமூலத்துக்குப் பத்து நிமிஷமாவது மிச்சமாகும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. எங்கே போனாலும் என் கண் அங்கேதான் போகிறது.

கதவைப் பூட்டியிருக்கிறீர்கள். அது சரி. சாவியும் ஒருவரிடம்தான் இருக்கிறது. அது அதைவிடச் சரி.

என் பெயர் கோதண்டபாணி. வயது இருபத்தொன்பது. கிணறு அபிவிருத்திச் சங்கத்தின் திட்டப் பிரிவுக்கு மானேஜர். சங்கத்தின் தலைமை ஆபீஸ் விழுப்புரத்தில். எங்கள் பிரிவு மட்டும் திண்டிவனத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி, ஒலக்கூர் பக்கம், ரோட்டோரம் தன்னந்தனியாக நிற்கும் ஓட்டுக் கட்டடம். சுற்றுவட்டாரச் சேரிகளில் நாற்பது குடிநீர்க் கிணறு வெட்டுவது திட்டம். 1959-ல் என்னை அங்கே அனுப்பியபோது ஆறு முடிந்திருந்தது. மற்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டால், "ஓவர்சியரத்தான் கேக்கணும் சார்" என்றார்கள். ஓவர்சியரைக் கேட்டால், "வாங்க, போயி எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். ஒரு திட்டத்தை எட்டிப் பார்த்தே நடத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நான் ஒழுங்குபடுத்தினேன். பதினான்கு ரிஜிஸ்தர்களை நான்காக்கினேன். சுவரில் ஒரு பலகை வைத்து நாற்பது ஆணி அடித்து, கிணற்றுக்கு ஒரு தகர வில்லை மாட்டினேன். தொடங்காதது சிவப்பு, வெட்டிக்கொண்டிருப்பது மஞ்சள், தண்ணீர் கண்டது பச்சை. விழுப்புரத்திலிருந்து வந்த செக்ரட்டரி அந்தப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இனிமேல் கிணறுகளைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். இரண்டே வருஷத்தில் இருபத்தேழு பச்சை.

ஓவர்சியர் தாண்டவராயன் முகையூர்க்காரர். ஐம்பது வயது. வேலை தெரிந்தவர், கூலியாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். நல்ல மனிதர். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் குறை ஒன்றே ஒன்றுதான். கையெழுத்துப் போட மாட்டார்.

ஸ்டோரிலிருந்து ஒரு கடப்பாறை வெளியே போனாலும் சீட்டு வேண்டும். கிணற்று எண், உபயோகம், ஓவர்சியர் கையெழுத்து, மூன்று பிரதி. இது நான் கொண்டுவந்த விதி. அவர் வாயால் கேட்பார். ஸ்டோர் கீப்பர் இருதயராஜ் கையால் எடுத்துக் கொடுப்பார். அதோடு சரி.

"இன்னா மானேஜரே, கடப்பாரைக்கெல்லாம் ஜாதகம் எழுதச் சொல்றீங்களே" என்பார் ஓவர்சியர். ஆபீஸ் சிரிக்கும். ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: "நம்ம மானேஜருக்கு மட்டும் சாவே கெடையாதுப்பா. எமன் வந்து நின்னான்னா அவங்கிட்டயும் மூணு காப்பி கேப்பாரு. அவன் பேஜாராயி, எருமைய ஓட்டிக்கினு திரும்பிப் பூடுவான்." இருதயராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல நான். அன்று மார்ச் பதினாறு, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால்.

மே முதல் தேதி ஸ்டோர் சாவியை இருதயராஜிடமிருந்து வாங்கி என் மடியில் செருகிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஓவர்சியர் வந்து நின்றார்.

"ஏந்தல்குப்பம் சேரிக் கிணத்துக் கயிறு நைஞ்சி போச்சி. புதுசு ஒண்ணு எடுங்க."

"சீட்டு" என்றேன்.

"அட போங்க மானேஜரே" என்று சொல்லிவிட்டு அவர்தான் போனார். வாயால் சொன்னது ஃபைலில் ஏறாது ஐயா.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்குச் சின்னபொண்ணு ஓடி வந்தாள். ஏந்தல்குப்பத்தில் மண் சுமக்கிறவள். இரண்டு மைலும் ஓடியே வந்திருக்கிறாள்.

"சாமி, ஓவர்சியர் அய்யா கிணத்துல வுழுந்துட்டாரு. நைஞ்ச கயித்துல உங்கள எறக்க மாட்டேன், நானே எறங்கிப் பாக்கறேன்னு எறங்குனாரு, அறுந்துடுச்சி. காலு ஒடைஞ்சி கெடக்கறாரு. ஊத்து வேற பீறிக்கினு வருது. ஜல்தியா கயிறு குடுங்க சாமி."

முப்பத்தைந்து அடி. பக்கமெல்லாம் சரிகிற மண். கால் வைத்து இறங்க முடியாது. வேறு கயிறு இல்லையா என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை.

"பொடவைங்கள முடிச்சிப் போட்டு வுட்டோம், வாளியத்தான் தாங்குது, ஆளத் தாங்கல, கிழிஞ்சி போச்சி. ஊர்த்தெருவுல போயி, மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கவலைக் கயிறு கேட்டோம். சேரிக் கிணத்துல எறங்குன கயிறு அப்புறம் எங்க கிணத்துல எறங்காதுன்னுட்டாங்க."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் ஒரு விதி இருந்திருக்கிறது. அவர்களில் யாரையும் இந்த அறையில் நான் பார்க்கவில்லை.

ஸ்டோரின் கம்பி ஜன்னல் வழியாகக் கயிறு தெரிந்தது. அறுபது அடி, புதியது, கட்டுப் பிரிக்காதது. "சார், கயிறு அதோ கீது சார்" என்றார் இருதயராஜ். கயிறு எங்கே இருக்கிறது என்பது அல்ல கேள்வி. ஓவர்சியருக்கு நினைவு இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன்.

"பேசிக்கினுதான் கீறாரு சாமி."

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டியவர் பணியில்தான் இருக்கிறார். சீட்டும் கார்பனும் பென்சிலும் அவள் கையில் கொடுத்து, வாளியில் வைத்து இறக்கச் சொன்னேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஓடினாள்.

பதினொன்றே முக்காலுக்குத் திரும்பினாள். முழங்கால் வரை தண்ணீர் என்றாள். சீட்டில் கையெழுத்து இருந்தது. உபயோகம் என்ற கட்டம் காலியாக இருந்தது. வேறு சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஒரு மணிக்கு வந்தாள். இடுப்பு வரை, மேலிருந்து வாளியால் இறைக்கிறார்களாம், ஊற்று விடவில்லையாம். மூன்றாவது பிரதியில் எழுத்துப் பதியவில்லை. மறுபடி அனுப்பினேன்.

அப்போதுதான் இருதயராஜ் வாசலில் கிடந்த கல்லை எடுத்து ஸ்டோர் பூட்டை நாலைந்து அடி அடித்தார். திண்டுக்கல் பூட்டு, நான் வந்த பிறகு வாங்கிப் போட்டது. அசையவில்லை. "நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டார். அது விதிகளுக்குள் வரும் கேள்வி இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கயிறு வாங்கத் திண்டிவனம் போனார். அனுமதியில்லாமல் இருக்கையை விட்டுப் போனதற்கு மெமோ எழுதி அவர் மேஜை மேல் வைத்தேன்.

அவசரத்துக்கென்று ஒரு வழி வைத்திருக்கக் கூடாதா என்கிறீர்கள். வைத்திருக்கிறேன் ஐயா. அதற்குத் தனிப் படிவம், மஞ்சள் நிறம். அச்சகத்திலிருந்து இன்னும் வரவில்லை.

அவர் ஒருவர்தான் மாட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள். என்னையும் யோசித்துப் பாருங்கள். விதி எழுதியவனே ஒரு நாளைக்கு மீறினால் மறுநாள் அந்தப் பலகையை யார் நம்புவார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கும் சுவர்தான். அவருக்காவது மேலே வானம் தெரிந்தது.

இரண்டு இருபதுக்குச் சின்னபொண்ணு மூன்றாம் முறை வந்தாள். உள்ளங்கால் தார் ரோட்டில் வெந்து போயிருந்தது. தண்ணீர் எதுவரை என்று கேட்டேன். கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினாள். சீட்டு எல்லா வகையிலும் சரியாக இருந்தது. உபயோகம் என்ற கட்டத்தில், "நான் ஏறி வர" என்று எழுதியிருந்தார். ரிஜிஸ்தரில் பதிந்து, பூட்டைத் திறந்து, கயிற்றை எடுத்துக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது.

நானும் கூடவே போனேன். மூன்று மணிக்குக் கயிறு போய்ச் சேர்ந்தது. பத்து நிமிஷம் கழித்து இருதயராஜ் தான் வாங்கிய கயிற்றோடு வந்து இறங்கினார். அனுமதி பெற்ற கயிறுதான் முந்தியது; இதையும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. யாரும் அழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலில் கல்லைக் கட்டி விட்டு ஆழம் பார்த்தேன். ஆறடித் தண்ணீர்.

ஆபீஸுக்கு வந்து மஞ்சளைக் கழற்றிப் பச்சையை மாட்டினேன். முப்பத்தெட்டு நாளில் தண்ணீர் கண்ட கிணறு எங்கள் திட்டத்தில் அது ஒன்றுதான். முடிவு அறிக்கையையும் அன்றைக்கே எழுதிவிட்டேன். குடிக்க உகந்ததா என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிறேன். இல்லை, கொஞ்சம் இருங்கள். தப்பாகச் சொன்னதைக் கிழித்துப் போடக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதி, சுருக்கொப்பமிட வேண்டும். ரைட்டர் அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். முதல் சீட்டில் உபயோகம் என்ற கட்டம் காலியாக இருந்தது என்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். காலியாக இல்லை. இரண்டாவதில் மூன்றாம் பிரதியும் நன்றாகவே பதிந்திருந்தது. இரண்டு சீட்டும் இதோ, என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன, ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன் ஐயா. ஒரு முறைகூட அவர் எனக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு ஒன்று வந்தது. தா. தாண்டவராயன் என்று முழுசாக, கீழே கோடு போட்டு, தேதியோடு. எவ்வளவு அழகான கையெழுத்து தெரியுமா? பார்த்ததும் இன்னொன்று வேண்டும் போலிருந்தது.

மூன்றாவதில் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அதைக் காரணம் காட்டி நான் திருப்பி அனுப்பவில்லை.