அந்தத் தலைக்கு யார் கட்டுவது?

இன்று பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு. மணி மாலை ஆறு இருபது. மண்டபத்தில் எழுபத்து மூன்று பேர், எண்ணிவிட்டேன். வளர்ப்புப் பிள்ளைக்கு ஆகும் செலவு யாருடையது என்று ஒரு மணி நேரமாகப் பேசுகிறோம். முடிவு பூஜ்யம். நான் எலக்ட்ரிக்கல் படித்தவன், சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரு சின்னக் கதை இருக்கிறது, கேளுங்கள். அப்புறம் சண்டையைத் தொடரலாம்.

இதே ஈரோட்டில் ஓர் அடுக்குமாடி. இரண்டாம் மாடியில் தில்லைநாயகி அக்கா, பிளவுஸ் தைப்பவர். வீட்டுக்காரர் மினி பஸ் ஓட்டுகிறார். அவர்கள் வீட்டுக்கு மோனிஷா வந்தாள். எட்டு வயது. அவளைப் பெற்றவள் மருத்துவமனையில். அவள் தேறி வரும் வரைக்கும் இந்த வீட்டில் வளர வேண்டும், அதுதான் ஏற்பாடு. அரசு உதவித்தொகை? ஒப்புதல் ஆகிவிட்டது... கைக்கு வரவில்லை.

அந்த அடுக்குமாடியில் லாரித் தண்ணீர். மாதம் தலைக்கு நூற்றைம்பது ரூபாய். செயலாளர் பரமானந்தம் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனுங்கம்மிணி, இனி உங்க வீட்டுக்கு மூணு தலைன்னு எழுதிக்கட்டுங்களா?" அக்கா, தொகை வரட்டும், கட்டிவிடுகிறேன் என்றார். விஷயம் கூட்டத்துக்குப் போனது.

கூட்டம் எப்படி நடந்திருக்கும்? உங்களுக்குத் தெரியாதா! பெற்றவர்கள் கட்டட்டும் என்றார் ஒருவர். கூட்டி வந்தவர்கள் கட்டட்டும் என்றார் இன்னொருவர். சர்க்கார் கட்டட்டும் என்றார் மூன்றாமவர். விருந்தாளி என்று எழுதிக்கொள்ளலாமே என்று யாரோ இழுக்க, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்...

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மோனிஷா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது தோசை வேண்டாம் என்றாள். மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்வையில் படித்தாள். சமர்த்துப் பிள்ளை என்று அக்கா நினைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை ஜடை பின்னும்போதுதான் பார்த்தார். எண்ணெய் வைத்துக் குளிக்க அனுப்பிய தலை... எண்ணெய் அப்படியே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால், உச்சியெல்லாம் புண்.

"ஏங்கண்ணு, தலைக்கு ஊத்திக்கவே இல்லையா நீ?"

மோனிஷா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடியும்.

"தலைக்குத்தானுங் அத்தை காசு கேக்கறாங்க. நான் ஒடம்புக்கு மட்டும் ஊத்திக்கறேன். என்னை அனுப்பிராதீங்."

புரிகிறதா? ஆளுக்கு இவ்வளவு என்று நாம் சொல்லும் 'தலைக்கு'. அவளுக்கு அது தலைக்குக் குளிக்கும் 'தலைக்கு'. தலை நனையாவிட்டால் காசு இல்லை... காசு கேட்காவிட்டால் வீடு உண்டு. எட்டு வயதுக் கணக்கு.

பணம் கேட்க மறுபடி வந்த பரமானந்தத்திடம் அக்கா வாதாடவில்லை. பிள்ளையின் வகிட்டைப் பிரித்துக் காட்டினார், அவ்வளவுதான். அவர் கீழே போனார். நேராகத் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். "அம்மிணி, வேணுங்கற மட்டும் ஊத்திக்க" என்று கீழிருந்தே பிள்ளைக்குக் குரல் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அந்தத் தலை பொதுச் செலவில் சேர்ந்தது, மாடிப்படி விளக்கு மாதிரி. அது யார் வீட்டு விளக்கு என்று யாராவது கேட்கிறோமா?

ஐயா, அம்மா... பெற்றவரா, வளர்ப்பவரா, சர்க்காரா என்று நாம் கை காட்டிக்கொண்டிருந்தால் செலவு நின்று காத்திருக்காது. யாரும் கட்டாத பாக்கியைப் பிள்ளை கட்டத் தொடங்கிவிடும். தோசையில் கட்டும், தலைப்புண்ணில் கட்டும். சர்க்கார் கட்ட வேண்டியதைச் சர்க்கார் கட்டத்தான் வேண்டும், கேட்டு வாங்குவோம். வந்து சேரும் வரைக்கும் பங்கு நம்முடையது.

நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் செய்யப்போவது:

1. நாளைக்கே என் குடியிருப்பில், வளர்ப்புப் பிள்ளைகளின் தண்ணீரும் பராமரிப்பும் பொதுச் செலவு என்று தீர்மானம் கொடுப்பேன். தோற்றால் அடுத்த மாதமும் கொடுப்பேன்.

2. நிலுவையில் நிற்கும் உதவித்தொகைக்காக அரசு அலுவலகத்துக்கு நேரில் போவேன். வளர்க்கும் குடும்பங்களிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போகிறேன்.

3. இனி எந்தப் பிள்ளையின் காதுபடவும் யாராவது இந்தக் காசைப் பேசினால், நடுவில் எழுந்து நிறுத்துவேன். வயதில் பெரியவரா என்று பார்க்க மாட்டேன்.