நீல மூடி, சிவப்பு மூடி

– இன்னும் ரெண்டு கரண்டி தயிர் போட்டுக்கோடி. போற வழியில பசிக்கும்.

– போதும்க்கா. இன்னிக்கு ஆஸ்பத்திரியில எடை பாக்கப்போறாங்க. மறந்துட்டியா?

– மறப்பேனா? தயிர நிறுத்தாதீங்கன்னு அந்த டயட் பொண்ணே சொல்லியிருக்கா. பால், தயிர் எல்லாத்தையும் விட்டா பசி அடங்காது, கொழுப்புக்குப் பதிலா தசைதான் கரையும்னு.

– கொழுப்பு எடுத்த பால்ல உறை ஊத்தின தயிர்னு சொன்னாங்க. அதுவும் அளவோட.

– அதானே நீல மூடி டப்பாவுல இருக்கு? அடுப்புல நிக்கக்கூடாதுன்னு நீ தலையால தண்ணி குடிச்சும் கேக்காம, ரெண்டு பாலையும் தனித்தனியா காய்ச்சி நான்தானே உறை ஊத்தறேன். உனக்கு நீலம், எனக்குச் சிவப்பு.

– நீ முதல்ல உன் டம்ளர முடி. நோயாளி நீதான், நான் இல்ல. உனக்குத்தான் முழுப் பால் தயிர் வேணும், உடம்புல தெம்பு இல்லேன்னா கத்தியே வைக்கமாட்டேன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார்.

– எனக்கு மட்டும் ஏன் எப்பவும் அடிச்சுக் கலக்கியே குடுக்கறே? கட்டியா குடேன்.

– கட்டியா குடுத்தா உனக்கு எறங்காது. குடி.

– ருசியே தெரியல. இந்த ஈரல் கெட்டதுலேர்ந்து வாயில சுண்ணாம்பு வெச்சாலும் ஒண்ணுதான், சர்க்கரை வெச்சாலும் ஒண்ணுதான். ஆமா, அது என்ன, உன் சட்டை தொளதொளன்னு தொங்குது?

– இஸ்திரிக் கடையில நிக்கறவளுக்கு இறுக்கமா போட்டா வேர்க்குது. பெரிய சைஸா வாங்கிட்டேன்.

– வீட்டு எடை மிஷின்ல ஏறிப் பாக்கவும் மாட்டேங்கறே.

– பயம்க்கா. பாத்தா மனசு விட்டுடும். எது வந்தாலும் ஆஸ்பத்திரி மிஷின்லயே வரட்டும்.

– குறையலேன்னா?

– என் ஈரல்ல கொழுப்பு அப்படியே இருக்குன்னு அர்த்தம். எடுத்து உனக்கு வைக்கமுடியாது. வேற யாரோட ஈரலும் உனக்குப் பொருந்தல. உனக்குத் தெரியாததா? ஏன் என் வாயால சொல்லவைக்கறே?

– சரி சரி, பிரேக் போடு. அழுதுடாதே.

– ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. எடை குறைஞ்சிருந்தா ஆபரேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போடுவியா?

– குறைஞ்சிருந்தாதானே?

– குறைஞ்சிருந்தா.

– போடறேன்டி. போதுமா?

– என் பொண்ணு மேல சத்தியமா?

– குழந்தைய எதுக்கு இழுக்கறே? சரி, அவ மேல சத்தியமா. ஏய், ஏன் எந்திரிச்சுப் போறே?

– பயமா இருக்குக்கா.

– இங்க வா. பக்கத்துல உக்காரு. இதப் பாரு, எடை குறையலேன்னா அது உன் தப்பு இல்ல. புரியுதா? உன் தப்பே இல்ல.

– எப்படிச் சொல்றே?

– எப்படியோ சொல்றேன். விடேன்.

– அக்கா, என்னைப் பாத்துப் பேசு.

– நான்தான்டி மாத்தி ஊத்தினேன்! டயட் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. உன் நீல மூடி டப்பாவுல முழுப் பால், அதுக்கு மேல ஏட்ட வேற வழிச்சுப் போட்டேன். சிவப்புல உன்னோட தண்ணிப் பால்.

– ஏன்க்கா?

– ஏன்னா கேக்கறே? எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்திருக்கேன், என் பக்கத்து சீட்டுல உக்காந்த ஒருத்தருக்காவது கீறல் பட்டிருக்கா? கடைசியில உன் வயித்தக் கிழிச்சா நான் பிழைக்கணும்? மேஜையிலேர்ந்து நீ எந்திரிக்கலேன்னா, அந்தப் பச்சைக் குழந்தை மூஞ்சிய நான் எப்படிடி பாப்பேன்? எனக்கு அந்த பயம் சாவு பயத்தவிடப் பெருசா இருக்கு. திட்டு. வாயத் திறந்து திட்டேன்டி.

– அப்போ இத்தனை நாளும் நீ குடிச்சது சத்தே இல்லாத தயிர்.

– ஆமா. எனக்கு எதுக்கு சத்து?

– அப்புறம் எப்படிப் போன வாரம் டாக்டர், "பரவால்லயே, கன்னத்துல சதை பிடிச்சிருக்கே"ன்னு உன்னைப் பாத்துச் சிரிச்சார்?

– அதான் எனக்கும் விளங்கல. வீக்கமா இருக்கும்னு நினைச்சேன். இல்லேன்னுட்டார்.

– கீழ ஹாரன் அடிக்கறாங்க. எந்திரி, டாக்ஸி வந்துடுச்சு.

– இரு, நான் சொன்னதுக்குக் கோவமே வரலியா உனக்கு? ஏன்டி சிரிக்கறே?

– சத்தியத்த மறந்துடாதேக்கா. நீல மூடிக்குள்ள ஏடு மிதக்கறத முதல் நாளே பாத்துட்டேன். நீ உறை ஊத்திட்டுப் படுத்ததும், தினமும் நான் போய் மூடிய மாத்தி வெச்சேன்.