தனியாக வடலூர் போன ஆடு

"...முப்பத்திநாலு நோட்டும்மா! முப்பத்திநாலுலயும் ஒரே ஆடு! பக்கத்தத் திருப்பத் திருப்ப ஆடு. கண்ண மூடுனா காதுல கத்துது!"

சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறியதிலிருந்து புஷ்பவள்ளி டீச்சருக்கு வாய் ஓயவில்லை. பக்கத்தில் கொளஞ்சி, மடியில் கைக்குழந்தை. முன்பின் தெரியாத டீச்சருக்கு என்னவென்று பதில் சொல்வது? கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"எட்டாவது பசங்க. கீரப்பாளையம் பக்கம் பள்ளிக்கூடம். 'மாவட்டப் போட்டிக்கு அனுப்பணும், ஊர்ல நாலு பேர விசாரிச்சு, கத மாரி ஆய்வுக் கட்டுரை எழுதிட்டு வாங்க'ன்னேன். கொளத்த எழுதலாம், ரைஸ் மில்ல எழுதலாம்... கலைமணின்னு ஒருத்தன், என்னா எழுதிருக்கான்? 'எங்க ஊரு ஆடு ஒண்ணு தைப்பூசத்துக்குத் தனியா பஸ்ஸேறி வடலூர் போவும். சாப்புட்டுட்டு சாயங்கால வண்டில திரும்பும்.' அங்க கறி திங்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரியுமாம்! சரி, ஒருத்தன் எழுதுனா போவுது. வெண்மதி கண்டக்டரயே போயி விசாரிச்சிருக்கா. அந்தாளும் 'ஆமா, ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டேன்'னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு... கையெழுத்தும்மா! ஜான்சி ஆட்டோட வம்சத்தையே வரஞ்சிருக்கா, பேரன் ஆடு வரைக்கும். இப்ப ஊர்ல ரெண்டு வூட்டுக்காரங்களுக்கு அடிதடி, அது எங்க ஆடுதான்னு... கொழந்த தலய மூடும்மா, காத்து அடிக்குது."

கொளஞ்சி மூடினாள்.

"எல்லா நோட்டுலயும் கடைசில 'தகவல் தந்தவர்: சடையப்பன், வயது தொண்ணூறு.' இந்தக் கூத்துக்கு மாவட்டத்துலயே மொத எடமாம்! சாட்சியோட எழுதுனது எங்க பசங்க மட்டுந்தானாம். இன்னிக்கு பதினோரு மணிக்கு கடலூர்ல பரிசு விழா, சடையப்பன நேர்ல கூட்டியாங்க, பொன்னாட போத்தணும்ங்கறாங்க. பசங்க காலையிலயே வேன்ல போயி ஒக்காந்திருக்குதுங்க. நான் சடையப்பனுக்கு எங்க போவேன்?"

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. டீச்சரின் குரல் இறங்கியது.

"அப்பிடி ஆளே கெடையாதும்மா... நாந்தான்... 'மாதிரிக்கு ஒண்ணு எழுதிப் போடுங்க மிஸ்'னுச்சுங்க. நான் செல்லுல அட்டெண்டன்ஸ் ஏத்திகிட்டு இருந்தேன். நெட்டு சுத்திகிட்டே கெடக்குது. ஒரு கையில செல்ல வெச்சிகிட்டு, வாய்க்கு வந்தத போர்டுல கிறுக்கிட்டேன். ஆடு, வடலூரு, சடையப்பன், தொண்ணூறு. அது சும்மா மாதிரிக்குத்தான்னு சொல்ல மறந்துட்டேன். 'ஆராய்ச்சில பொய் கூடாது'ன்னு மட்டும் நல்லா சத்தமா சொன்னேன். இப்ப அதுங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

கொளஞ்சி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்தது தப்பாகப் போயிற்று.

"ஒரு மணி நேரம்மா! சடையப்பன் பேத்தின்னு வந்து நில்லு. தாத்தாவுக்கு மூட்டுவலி, வர முடியலன்னு நான் சொல்லிக்கறேன். நீ பேசக்கூட வாணாம், இப்ப ஆட்டற மாரி தலய ஆட்டு, போதும்..."

ஆலப்பாக்கம் ஸ்டாப் வந்தது. கொளஞ்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். கையில் கடலூர் வரைக்கும் டிக்கெட் இருந்தது.

பஸ் கிளம்புவதற்குள் ஜன்னல் வழியே அந்தக் குரல் கேட்டது. டீச்சர் முன் சீட்டுக்கு நகர்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா... ஐயா... நீங்க எப்பவாச்சும் ஆடு வளத்திருக்கீங்களா?"