முதல்ல வந்தது முதல்ல

இல்லம்மா, தேதியைத் தப்பா பார்த்துட்டு வரல. இன்டர்வியூ போன வியாழக்கிழமை, பதினொரு மணிக்குன்னு எனக்கே தெரியும். இன்னிக்குத் திங்கள். தெரிஞ்சுதான் வந்திருக்கேன். மேனேஜர் அம்மாவை அஞ்சு நிமிஷம் பார்க்க விட்டா போதும். அந்தப் போன்ல ஆர்டர் எடுக்கிற வேலைக்கு ஆள் போட்டாச்சான்னு மட்டும் சொல்லுங்க. இன்னும் போடலையா? அப்பாடா! உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்.

பேரா? சொல்றேன், இருங்க. முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். இல்லாட்டி சுத்தப் பொறுப்பில்லாத ஜென்மம்னு நினைச்சுக்குவீங்க. இப்படி உக்காரலாமா? படி ஏறினதுல மூச்சு வாங்குது.

நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பர்ம்மா. பம்பு செய்யற கம்பெனி. ஒவ்வொரு ரேக்குலயும் ஒரு அட்டை தொங்கும். சாமான் எப்ப வந்தது, எவ்வளவு போச்சு, மிச்சம் என்ன, எல்லாம் அதுல இருக்கும். கண்ணைக் கட்டி விட்டாக்கூடக் கேட்ட வாஷரைக் கரெக்டா எடுத்துக் குடுப்பேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வெச்சு, அட்டையும் வேண்டாம் நீயும் வேண்டாம்னுட்டாங்க.

சரி, இப்பல்லாம் வேலையை நெட்லதானே தேடணும். நான் ஏனோதானோன்னு தேடுவேனா? பழைய காலண்டர் அட்டையை வெட்டி, கம்பெனிக்கு ஒரு அட்டை போட்டேன். என்னிக்கு அப்ளை பண்ணோம், எந்த வெப்சைட், என்ன பாஸ்வேர்டு, எந்த பயோடேட்டா அனுப்பினோம், அத்தனையும் எழுதி, படுக்கை ரூம்ல கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்க விட்டேன். வேண்டாம்னு பதில் வந்தா அட்டையோட மூலையை வெட்டிடுவேன். நூத்திப் பன்னெண்டு அட்டை. என்னப்பா, கம்பெனியெல்லாம் துவைச்சுக் காயப் போட்டிருக்கீங்களான்னு என் பொண்ணு கேக்கறா. சிரிங்கம்மா, பரவால்ல. ஆனா ஒண்ணு, ஒரே கம்பெனிக்கு ரெண்டு தடவை அனுப்பி நான் அசிங்கப்பட்டதே கிடையாது.

மெயில்தாம்மா என் கழுத்தை அறுத்துடுச்சு. எங்க வீட்டுக்கே ஒரு மெயில் ஐடிதான். இந்த வேலை தேடித் தர்ற வெப்சைட்டுங்க ஒரு நாளைக்கு நாப்பது அனுப்பும். உங்களுக்கு ஏத்த வேலை இருக்கு, உங்க பயோடேட்டாவை யாரோ பார்த்துட்டாங்கன்னு எல்லாம் குப்பை. அதுலயும் புதுசு மேல வந்து உக்காந்துக்கும், பழசு அடியில போயிடும். எனக்கு அது ஆகாது. ஸ்டோர்ல முதல்ல வந்தது முதல்ல போகணும். புது ரப்பர் வாஷரையே எடுத்துக் குடுத்துட்டிருந்தா அடியில இருக்கிறது காஞ்சு வெடிச்சுப் போயிடும். அதனால நான் அடியிலேருந்துதான் திறப்பேன். ஒண்ணொண்ணாப் படிச்சு, அட்டையில குறிச்சு, அப்புறம்தான் அடுத்தது. எப்பவும் நாலு நாள் பின்னாடிதான் ஓடிட்டிருந்தேன்.

ஆமாம்மா, நீங்க தலையில அடிச்சுக்கறது நியாயம்தான். என் வீட்டுக்காரியும் சொன்னா. ஏங்க, மேல என்ன வந்திருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்களேன்னு. பத்து தடவை சொல்லியிருப்பா. நான் கேட்டேனா? எனக்கே பாடம் எடுக்கறியான்னு எரிஞ்சு விழுந்தேன். அதுக்கப்புறம் அவ மெயில் பக்கமே வரல.

உங்க மெயில் வந்தது போன திங்கக்கிழமை. அதோட முறை வந்தது வெள்ளிக்கிழமை காலையில. வியாழக்கிழமை நேர்ல வாங்கன்னு போட்டிருக்கு. காபியோட வந்தவ எட்டிப் பார்த்து, என்னங்க, யாராவது கூப்பிட்டிருக்காங்களான்னு கேட்டா. ஆமா, திங்கக்கிழமைன்னு சொல்லிட்டேன். சட்டுனு மெயிலை மூடிட்டேன். இங்க போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், ரிங் போயிட்டே இருந்துச்சு. அப்புறம் சனி, ஞாயிறு லீவு. மூணு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.

சரி, லிஸ்ட்டைப் பாருங்க. வராதவங்களுக்குக் கோடு போட்டிருப்பீங்களே. நாலாவதா? அதுதான். ஆமாம்மா, பொம்பளைப் பேருதான். என் வீட்டுக்காரி பேரு. எனக்கில்லம்மா இந்த வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி அவ டெலிபோன் ஆபரேட்டர். எப்பேர்ப்பட்ட கத்தறவனையும் நாலு வார்த்தையில அடக்கிடுவா. நானும் ஒண்ணு போட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டப்ப, போடு, அட்டைக்கா பஞ்சம்னு கேலி பண்ணேன். நூத்திப் பன்னெண்டுல அவ போட்டது ஒரே ஒண்ணு. எட்டு மாசமா என்னை ஒருத்தன்கூடக் கூப்பிடல. அவளைக் கூப்பிட்டீங்க. அதை நான் கெடுத்து வெச்சிருக்கேன்.

இல்லம்மா, அவகிட்ட இன்னும் சொல்லல. இன்னிக்குத்தான் இன்டர்வியூன்னு நினைச்சுட்டிருக்கா. வீட்லயா? இல்லம்மா. கீழ, கேட் பக்கத்துல இருக்கிற பெஞ்சுல உக்காந்திருக்கா. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுட்டு, ஹலோ வணக்கம், ஹலோ வணக்கம்னு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துட்டிருக்கா. பதட்டப்படாதே, நான் மேல போய் உன் பேரைக் குடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். மேனேஜர் அம்மா என்னை என்ன வேணா திட்டட்டும், வாங்கிக்கறேன். அவளை மட்டும் ஒரு தடவை பேச விடச் சொல்லுங்க.

ஐயோ, படியேறி வரா பாருங்க. அந்தக் கோடு தெரியாம லிஸ்ட்டைக் கொஞ்சம் திருப்பி வைங்கம்மா.