ஒப்பீட்டுத் தொட்டி

கடல்நீர் கலக்குவதில் அவசரம் கூடாது, ஐயா. உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, கரையும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். பதினோரு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளுக்கு நான்தான் நீர் கலக்குகிறேன். "குளிக்கிற தண்ணியையும் அளந்துதான் ஊத்திக்குவியாண்ணா?" என்று தங்கை கேலி செய்வாள்.

அவள் இங்கே ஆராய்ச்சியாளர். அம்மா போனபின் அவளை வளர்த்துப் படிக்க வைத்தவன் நான். வீட்டில் நாங்கள் இருவர்தான். இந்தப் பவள ஆய்வு தேறினால் தூரத் தீவு ஒன்றில் அவளுக்கு நிரந்தர வேலை என்று கடிதம் வந்திருந்தது.

பவளம், நீரில் கரைந்த கரியமில வாயுவைக் கொண்டு தன் கல்வீட்டைக் கட்டுகிறது. அதற்கு ஒரு நொதி உதவுகிறது. நொதியின் நடுவே ஒரே ஒரு துத்தநாக அணு. சில சாதாரண உப்புகளின் அயனி அங்கே போய் ஒட்டிக்கொண்டால், நொதிக்கு வேலை ஓடாது. இதையெல்லாம் சாப்பிடும்போது அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கடல் சூடேறினால் பவளத்தின் வளர்ச்சி என்னாகும் என்பதுதான் அவள் ஆய்வு. முதலில் சூடேற்றிய தொட்டிகளில் மட்டும் அப்படி ஓர் உப்பைக் கலந்தேன். திங்கட்கிழமைதோறும் பவளங்களை நூலில் தொங்கவிட்டு நீருக்குள்ளேயே எடை பார்ப்பாள். எடை ஏறவில்லை. அவளோ பூரித்துப்போனாள், வெப்பம்தான் நொதியை முடக்குகிறது, பெரிய முடிவு கிடைத்துவிட்டது என்றாள். அது என் பிழை. மறுவாரம் சூடேற்றாத ஒப்பீட்டுத் தொட்டியிலும் கலந்தேன்.

அங்கேயும் வளர்ச்சி நின்றதும் அவள் கணக்கு எல்லாம் குலைந்தது. மூன்று முறை புதிதாகத் தொடங்கினாள். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாமே என்று நானே ஒருநாள் சொன்னேன்.

"நீ கலக்குற தண்ணியைச் சந்தேகப்பட்டா, அப்புறம் நான் யாரைண்ணா நம்புறது?" என்றாள். "என் கைதான் சரியில்ல."

எந்தப் பவளத்தையும் நான் கொல்லவில்லை, ஐயா. நிறம்கூட மங்கவில்லை. வளரவில்லை, அவ்வளவுதான்.

தீவுக்கு வரமுடியாதென்று எழுதிவிட்டாள். இங்கேயும் வேலையை விட்டாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள், சின்ன வயதில் சாப்பிட்டதுபோல.

நீங்கள் நீரைச் சோதித்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பது தொட்டிகளிலும் கலந்தவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தப்பு தன்னுடையதுதான் என்று நம்பி இப்போதுதான் அடங்கியிருக்கிறாள். அந்த நிம்மதியையும் அவளிடமிருந்து பிடுங்க உங்களுக்கு எப்படி மனம் வரும்?