கயிற்றுக்கு இந்தப் பக்கம்

வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் கேஸை மூடினேனா என்று இரண்டுமுறை பார்ப்பது என் வழக்கம். இன்று உங்கள் காவலர்கள் அழைக்க வந்தபோதும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் சிரிக்கலாம், ஐயா. என் தங்கை கணவரும் இப்படித்தான் சிரிப்பார்.

ஆலையில் நானும் அவரும் ஒரே குழு. மேற்பார்வை என்னுடையது. பெரிய குழாய்களின் இணைப்புகளில் கை தடிமனுக்கு போல்டுகள் இருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஒன்றும் ஆகாது. வெளியே நீட்டியிருக்கும் முனையில் ஹைட்ராலிக் டென்ஷனரைத் திருகி மாட்டி, பம்பால் எண்ணெய் அழுத்தம் கொடுத்து, போல்டையே இழுத்து நீட்டுவோம். நீண்டு நிற்கையில் நட்டை இறக்கிவிட்டு அழுத்தத்தை எடுத்தால், போல்ட் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அழகான வேலை. கருவி மரையில் அடிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது அதற்கு நேர் மேலே யாரும் தலையை நீட்டக் கூடாது. மரை பிய்ந்தால் கருவி பீரங்கிக் குண்டுதான்.

இதைத் தினமும் காலையில் சொல்வேன். மாப்பிள்ளை கொட்டாவி விடுவார். அழுத்தம் ஏறும்போதே கருவிமேல் குனிந்து நட்டு இளகிவிட்டதா என்று பார்ப்பார். எல்லைக்கு நான் கட்டும் கயிற்றில் தன் சட்டையைக் காயப்போடுவார். குழு சிரிக்கும். மேலாளரும் அவர் வேகத்தைத்தான் மெச்சுவார். நான் ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதையெல்லாம் பொறுத்தேன். போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், என்னைப் போல நடித்துக் காட்டினார். நாற்காலியின் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, "இதுக்கு டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கா?" என்றார். தங்கைக்குப் புரையேறியது. என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் கருவியை நானே மாட்டினேன். அடிவரை திருகவில்லை, ஓரிரு மரையே பிடிக்கும்படி விட்டேன். ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். எல்லோரையும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னேன். வந்தார்கள், அவரைத் தவிர. அவரிடமும் முறைப்படி சொன்னேன்.

"மாப்ள, சரியா உக்காந்திருக்கான்னு ஒருதடவை பாத்துடுங்க."

"நீங்க மாட்டினதுல நான் என்னத்த பாக்கறது மச்சான்? உங்களை நம்பித்தானே இவ்வளவு தைரியமா தலையை நீட்டறேன்."

அந்தப் பேச்சு அநாவசியம் என்று தோன்றியது. அவர் குனிந்தார். நான் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி, அவசரப்படாமல், பம்பை இயக்கினேன்.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவருதான் யார் பேச்சையும் கேக்கமாட்டாரே அண்ணா" என்றாள். ஆமாம் என்று தலையை வருடிக் கொடுத்தேன்.

இப்போது குழுவில் ஒருவரும் கருவிமேல் குனிவதில்லை. கயிற்றைக் கண்டால் கைகட்டி நிற்கிறார்கள். வருடக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியம் இது. இதனால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆலையின் பாதுகாப்புப் பதிவேட்டில் கறை விழுந்துவிட்டதே என்று மேலாளர் புலம்புகிறாராம். அவரிடம் சொல்லுங்கள், ஐயா: நான் மேற்பார்த்த வேலையில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. இது விபத்து இல்லையே.